மஞ்சள் வெளிச்சம் போதாது

ஜூன் 4

தம்பிக்கு,

நான் வேலை செய்யும் சலவை ஆலை எங்கள் குடிதண்ணீரில் கழிவைக் கலக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. உனக்கு இருந்தால் நீயே பார்த்துச் சொல். அதற்குத்தான் இந்தப் பாட்டில்.

உன்னோடு பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். "அடுத்தவன் படுத்து எழுந்த துணியப் புரட்டிப் பாக்குறதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்று அம்மாவின் எதிரில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாயே, அன்றைக்கே உன் எண்ணைத் தடை செய்தேன். அது அப்படியே இருக்கட்டும். தண்ணீரைப் போனில் அனுப்ப முடியாது. அதனால் கடிதம்.

நடந்தது இதுதான். துணி பிரிக்கும் அறையில் எங்களுக்கு ஓர் ஊதா விளக்கு உண்டு. ஓட்டல் விரிப்பு, மருத்துவமனை விரிப்பு எல்லாவற்றையும் துவைத்து வந்ததும் அதன் கீழே போட்டுப் பார்ப்போம். சுத்தமான விரிப்பு நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். கறை உள்ள இடம் இருண்டு கிடக்கும், அதை மறுபடி துவைக்க அனுப்புவோம். போன வாரம் என் தண்ணீர்ப் பாட்டிலை அந்த மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தேன். பக்கத்தில் நிற்கும் நெட்டை கத்தினாள்: "அடியே, உன் தண்ணி எரியுதுடி!"

எரியவில்லை. ஒளிர்ந்தது. மங்கலான நீலம், பாட்டில் முழுக்க. நெட்டை தன் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தாள். அதே கடையில் வாங்கிய அதே பாட்டில். ஆனால் அவள் வீடு ஊரின் மறுகோடி. அவள் தண்ணீர் ஒளிராமல் கம்மென்று இருந்தது.

எங்கள் தெரு அடிபம்புக்குப் பின்னால்தான் ஆலையின் சாக்கடை ஓடுகிறது. ஆலை இன்னொரு கொட்டகை கட்ட அனுமதி கேட்டிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் நகராட்சிக் கூட்டம். அதற்குள் தெரிய வேண்டும். தண்ணீர் ஏன் ஒளிர்கிறது?

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டுதான் உறையைப் பிரித்தேன். அன்று பேசியதைப் பற்றி எழுத ஆரம்பித்தேன், சரியாக வரவில்லை, கிழித்துப் போட்டேன். முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

உன் தண்ணீர் ஒளிர்வது உண்மை. இங்கே ஆய்வகத்தில் என் வேலையே அதுதான். ஒரு பொருளுக்கு ஒரு நிற வெளிச்சத்தைக் கொடுத்து, அது எந்த நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்று அளப்பது.

ஒரு மூலக்கூறைப் படிக்கட்டு உள்ள வீடாக நினைத்துக்கொள். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. நின்றால் ஏதாவது ஒரு படியில்தான். வெளிச்சமும் ஒழுகிக்கொண்டு வருவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. சிவப்பின் பொட்டலம் சின்னது, மஞ்சள் அதைவிடப் பெரிது, நீலம் இன்னும் பெரிது, ஊதா அதற்கும் மேல். உன் விளக்கில் உண்மையாக வேலை செய்வது ஊதாவுக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு. மேல்படிக்கு ஏற்றிவிடும் அளவுள்ள பொட்டலம் வந்தால் மூலக்கூறு அதை விழுங்கி ஏறிவிடும். ஏறியதும் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு பகுதி சுற்றியுள்ள தண்ணீருக்குச் சூடாகப் போய்விடும். பிறகு கீழே குதிக்கும்போது, மிச்சத்தை ஒரு பொட்டலமாக வெளியே விடும். கொஞ்சம் இழந்துவிட்டதால் வாங்கியது ஊதா, கொடுப்பது நீலம். நீ கண் இமைப்பதற்குள் இது கோடி முறை நடந்து முடிந்துவிடும்.

சலவைத்தூளில் இதற்காகவே வெண்மையூட்டி என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். பழைய துணி மஞ்சளாகும் இல்லையா? வெண்மையூட்டி அந்த மஞ்சளை எடுப்பதில்லை. வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பங்கை வாங்கி நீலமாகக் கொடுக்கிறது. மஞ்சளோடு நீலம் சேர்ந்ததும் நம் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது.

ஆனால், அக்கா, மக்கிய இலை ஊறிய தண்ணீரும் இதே மாதிரி ஒளிரும். அதனால் "சந்தேகம் எதுவும் இல்லை" என்று நீ எழுதிய வரியை இப்போதைக்கு அடித்து வை. ஒரு வழி இருக்கிறது. வெண்மையூட்டி வெயிலில் சீக்கிரம் உடைந்துவிடும், இலைச்சாறு தாக்குப்பிடிக்கும். பாதித் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வைத்திருக்கிறேன். மறுபாதி இருட்டு அலமாரியில். இரண்டு நாளாக மேகமாக இருக்கிறது. பொறு.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

அப்படியானால் வெள்ளை என்று நாங்கள் விற்பது பொய். அழுக்கு போகவில்லை, மேலே நீலம் பூசி அனுப்புகிறோம். ஓட்டல்காரன் பணம் கொடுத்து அந்தப் பொய்யில் படுத்துத் தூங்குகிறான். இதை நெட்டையிடம் சொன்னேன். "நம்ம மேஸ்திரி சட்ட மாதிரி" என்றாள். எங்கள் மேற்பார்வையாளரைச் சொல்கிறாள். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

மூன்று கேள்வி.

ஒன்று, மூலக்கூறு இழக்கும் அந்தப் பங்கு. விரிப்பை விளக்கின் கீழே வெகுநேரம் வைத்துத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. பொய் சொல்கிறாயா, இல்லை என் கை காய்த்துப்போனதா?

இரண்டாவது, சாயங்காலம் என் தண்ணீர்ப் பாட்டிலைத் தெருவின் மஞ்சள் விளக்குக் கம்பத்தடியில் வைத்தேன். எங்கள் அறை விளக்கைவிட அது பத்து மடங்கு பிரகாசம். துளி கூட ஒளிரவில்லை. அவ்வளவு வெளிச்சம் கொட்டியும் ஏன் எடுக்கவில்லை?

மூன்றாவது, ஆலை வாசலில் அவசர வழி காட்டும் பச்சை வில்லை ஒன்று ஒட்டியிருக்கிறது. அது மட்டும் விளக்கணைத்த பிறகும் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. விரிப்போ விளக்கணைந்த அதே நொடி செத்துவிடுகிறது. இரண்டும் வெளிச்சம் வாங்கித்தானே கொடுக்கின்றன?

அம்மா கேட்கிறாள்: "அவன் சாப்பிடுறானாடி?" நான் கேட்கவில்லை. அம்மாதான் கேட்கிறாள்.

அக்கா


ஜூன் 22

அக்காவுக்கு,

வெயில் வந்தது. வெளியே வைத்த பாதி மங்கி, ஏறக்குறைய அணைந்துவிட்டது. அலமாரியில் இருந்தது அப்படியே இருக்கிறது. எங்கள் கருவியிலும் போட்டேன். மதிய இடைவேளையில், துறைத்தலைவர் சாப்பிடப் போயிருந்தபோது. கருவி வரையும் கோடு எழும்பும் இடத்திலும் சரியும் இடத்திலும் வெண்மையூட்டியின் கோட்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. உறுதியாகவே சொல்கிறேன், உன் பாட்டிலில் இருப்பது சலவை வெண்மையூட்டி. நீ அடித்த வரியை மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பொருளே கூடப் பெரிய கெடுதல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது வந்த வழியில்தான் மற்றதும் வரும். நீங்கள் மருத்துவமனை விரிப்பும் துவைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

உன் கை காய்த்துப்போகவில்லை. அந்தச் சூடு அவ்வளவு சிறியது, எந்தக் கைக்கும் தெரியாது.

மஞ்சள் விளக்குக் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி. விஞ்ஞானிகளின் ஒரு பெரிய கூட்டமே அந்தக் காலத்தில் அதில் மாட்டிக்கொண்டு முழித்தது. மூலக்கூறு ஒரு சமயத்தில் ஒரு பொட்டலத்தைத்தான் வாங்கும். மஞ்சள் பொட்டலம் மேல்படிக்குப் போதாது. போதாததை அது தொடவே தொடாது. சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு ஏறுவோம் என்ற பேச்சே இல்லை. லட்சம் சின்னப் பொட்டலம் வந்து மோதினாலும் ஒரு பெரிய பொட்டலம் ஆகாது.

பச்சை வில்லையைப் பற்றி அடுத்த கடிதத்தில். அதற்குப் படம் போட வேண்டும்.

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாய்.

நேற்று நகராட்சிக் கூட்டம். நீ எழுதியதை நம்பி எழுந்து நின்றேன். "ஆலைத் தண்ணி எங்க பம்புல கலக்குது, என் தம்பி பரிசோதனை பண்ணிருக்கான்" என்று சொன்னேன். தெருவே எனக்குப் பின்னால் நின்றது. ஆலைக்காரர்கள் கோபப்படவே இல்லை. அவர்களுடைய வேதியியல்காரர், கழுத்துப்பட்டை போட்ட ஆள், "வாங்க, இப்பவே பாத்துடலாம்" என்று எல்லோரையும் பம்புக்கு அழைத்துக்கொண்டு வந்தார். எல்லோர் கண்ணெதிரிலும் அடித்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் நேராகப் பிடித்தார். அருகில் ஓர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக் கைவிளக்கை அடித்தார். ஊதா விளக்கு, எங்களுடையது போலவேதான்.

ஒன்றுமில்லை. நெட்டையின் பாட்டில் போலக் கம்மென்று இருட்டு.

விசில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, உன் தண்ணி நாலு பேரப் பாத்தா வெக்கப்படுதா?" சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்களே சிரித்தார்கள். முடிவை ஜூலைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், எனக்காக அல்ல, ஏதோ ஒரு கோப்பு வரவில்லையாம். இன்று காலை என்னைத் துணி பிரிக்கும் அறையிலிருந்து தூக்கி இஸ்திரி உருளைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஊதா விளக்கு இல்லை. ஆவி மட்டும் உண்டு.

உறுதி என்றாயே. எதை வைத்துச் சொன்னாய்?

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தண்ணீரை எப்படிப் பிடித்தாய்? பம்பிலிருந்து பாட்டிலுக்குள் போகும் வரை நடந்த ஒவ்வொன்றையும் எழுது. ஒன்றையும் விடாதே.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

வாசித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் வீட்டில் தண்ணீரை எப்படிப் பிடிப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? அம்மா குடத்தின் வாயில் துணி கட்டி வடிகட்டாமல் ஒரு சொட்டு உள்ளே விடமாட்டாளே. அந்தத் துணி நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த கழித்துப்போட்ட தலையணை உறை. பளபளவென்று வெள்ளை. உனக்கு அனுப்பிய பாட்டிலை, பரிசோதனைக்குப் போகிறதே, மண் இருக்கக் கூடாதே என்று, அதையே நாலு மடிப்பு மடித்து இரண்டு தரம் வடிகட்டினேன். அம்மா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு "நல்லாப் புழிஞ்சு விடுடி, தம்பிக்குப் போவுது" என்றாள்.

நாங்கள் அனுப்பியது பம்புத் தண்ணீர் இல்லை. தலையணை உறைக் கஷாயம். நெட்டை வீட்டில் யாரும் வடிகட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிரி. உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது, அழுகைக்குப் பிறகு. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சுத்தம் பண்ணது தப்பாடி?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். துணியிலிருந்து அது தண்ணீருக்கு வருகிறது என்றால், தண்ணீரிலிருந்து துணிக்கும் போகுமா? போகும் என்றால், வெண்மையூட்டி படாத துணியைப் பம்பு வாயில் பல நாள் கட்டி வைத்தால் அது சேர்த்து வைத்துக்கொள்ளுமா? அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் பிடித்தது ஒரு குடுவை, ஒரு நிமிடத் தண்ணீர். அதுவும் ஆலை ஓடாத விடுமுறை நாளில்.

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

சேர்த்து வைத்துக்கொள்ளும். பருத்திக்கு வெண்மையூட்டி என்றால் உயிர், அந்த உறை போல அளவுக்கு மிஞ்சி ஏறியதைத்தான் தண்ணீரில் விடும், மற்றபடி பிடித்தால் எளிதில் விடாது. நீ சொன்னது நடக்கக்கூடிய காரியம். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சலவைத்தூளே படாத பருத்தி வேண்டும். அதை மூன்றாகப் பிரி. ஒன்று உங்கள் பம்பில், ஒன்று நெட்டை வீட்டுப் பம்பில். மூன்றாவதை எந்தப் பம்புத் தண்ணீரிலும் நனைக்காதே, சும்மா உறையில் போட்டு வை. ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் மற்ற இரண்டும் பேசாது. கைகழுவாமல் தொடாதே. கழுவினால் சோப்பு வேண்டாம். துடைக்கத் துண்டு வேண்டவே வேண்டாம்.

இந்த மாதம்தான் என் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டுவார்களா என்பது முடிவாகும். அதனால் கருவிப் பக்கம் அடிக்கடி போக முடியாது. ஆனாலும் அனுப்பு.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

வெள்ளைத்தூள் படாத ஒரு துண்டுத் துணி இந்தத் தெருவில் இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கைக்குட்டை, திரைச்சீலை, குழந்தைத் துணி என்று ஒவ்வொன்றிலும் ஓரத்தைக் கத்தரித்து நெட்டையிடம் கொடுத்தேன். அவள் இடுப்பில் செருகிக்கொண்டு போய் விளக்கில் காட்டிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் மினுக்குதுடி. நம்ம ஊரே நீலம் பூத்துக் கிடக்கு."

கடைசியில் தலையணை உறையால் வந்த வினை தலையணையிலேயே தீர்ந்தது. பரண் மேல் நீ படுத்துக்கொண்டிருந்த பழைய தலையணை இருந்தது. உறையை உருவி எறிந்துவிட்டு வயிற்றைக் கிழித்தேன். உள்ளே இருக்கும் பஞ்சை எந்தக் காலத்திலும் யாரும் துவைத்ததில்லை. நெட்டை காட்டிப் பார்த்தாள்: இருட்டு. மழைத்தண்ணீரில் கொதிக்க வைத்தேன், முதலில் எண்ணெய் தடவியது போல மிதந்தது, பிறகு நனைந்தது. இரண்டு பங்கை இரண்டு பம்பு வாயிலும் நாலு நாள் கட்டி வைத்தேன். இனி நீ வந்தாலும் தலை வைக்க இடமில்லை. தெரிந்துகொள்.

மூன்று உறைகள் இதோடு. எது எந்தப் பம்பு என்று எழுதவில்லை. அ, ஆ, இ என்று மட்டும் போட்டிருக்கிறேன். நீ முதலில் பார்த்துச் சொல், பிறகு நான் சொல்கிறேன். போன தடவை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ பார்த்தாய். அதுவும் ஒரு தப்பு.

கூட்டம் முப்பதாம் தேதி. அன்று சிரித்தவர்களே பம்பு வாயில் பஞ்சைப் பார்த்துவிட்டு வந்து விவரம் கேட்டார்கள், தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நகராட்சி எழுத்தர் அதை விரலால் ஒதுக்கினார். "இதெல்லாம் எடுபடாதும்மா. படிச்ச ஆளு ஒருத்தர் பேரு போட்டுக் குடுக்கட்டும், அப்ப பாக்கலாம்."

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

'ஆ' ஒளிர்கிறது. கொஞ்சமாக, ஆனால் ஒளிர்கிறது. கோடு வெண்மையூட்டியின் கோடுதான். வெயிலில் வைத்தேன், மங்கியது. 'அ', 'இ' இரண்டும் இருட்டு. 'ஆ' உங்கள் பம்பு இல்லை என்றால் நான் இந்த வேலையையே விட்டுவிடுகிறேன்.

இந்தத் தடவை எனக்கும் சந்தேகம் எதுவும் இல்லை. சாக்கடை பம்புக்குள் கசிகிறது. அந்த ஆள் பிடித்த ஒரு குடுவையில் தெரியாத அளவு, ஆனால் நாள் தவறாமல். அம்மாவை இனிமேல் காய்ச்சித்தான் குடிக்கச் சொல். தெருவில் எல்லோரிடமும் சொல்.

கோட்டுப்படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கூட்டத்தில் காட்டு. ஆனால், அக்கா, என் பெயரைச் சொல்லாதே. நிறுவனத்தின் பெயரையும் சொல்லாதே. அதனால்தான் மேலே இருந்த தலைப்பைக் கத்தரித்து அனுப்புகிறேன். வெளியார் கொண்டுவரும் மாதிரிகளைக் கருவியில் போடக்கூடாது என்று இங்கே விதி. தலைவருக்குத் தெரிந்தால் என் நீட்டிப்பு அவ்வளவுதான். கோடு உண்மையானது. அது யார் போட்டாலும் அதே கோடுதான். பெயர் எதற்கு?

தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

'ஆ' எங்கள் பம்புதான்.

தலை வெட்டிய ஒரு காகிதத்தை அனுப்பியிருக்கிறாய். நெட்டையிடம் காட்டினேன். "மலை வரஞ்சிருக்கானா உன் தம்பி?" என்றாள். அந்த எழுத்தரும் அதையேதான் கேட்பார். விசில் அதையேதான் கேட்பார். பெயர் இல்லாத கோட்டை என் பையிலிருந்து எடுத்தால், அது நான் சமையலறையில் கிறுக்கியது.

நீதான் எழுதினாய், லட்சம் சின்னப் பொட்டலம் சேர்ந்தாலும் ஒரு பெரிய பொட்டலம் ஆகாது என்று. அதை வாசித்தபோது பொருளைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். இந்த ஊரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாய். எங்கள் தெரு முழுக்கப் போட்ட கையெழுத்து மஞ்சள் வெளிச்சம். கம்பத்தடியில் எவ்வளவு கொட்டினாலும் நகராட்சி ஒரு படி கூட ஏறாது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நூறு பேர் குடிக்கிற தண்ணீருக்கு நூறு பேர் சொல் போதாது என்பது அயோக்கியத்தனம். ஆனால் முப்பதாம் தேதிக்குள் அதை என்னால் மாற்ற முடியாது. உன்னால் ஒரு பெயர் போட முடியும்.

உன் வேலை போகலாம். தெரியும். எனக்கும் போகலாம். நான் எழுந்து நின்றபோது உன் வேலை போய்விடாதா என்று என்னை யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அடுத்தவன் படுத்த துணியைப் புரட்டும் வேலைதானே, போனால் என்ன என்று நினைத்தாயோ என்னவோ.

தலைப்போடு இன்னொரு படம் எடு. கீழே பெயர் போடு. விரைவு அஞ்சலில் அனுப்பு.

அக்கா


ஜூலை 29

தம்பிக்கு,

உன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை.

இன்று அஞ்சல்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "எழுதிருப்பான், வழியில இருக்கும்" என்கிறாள். தண்ணீரை இப்போது காய்ச்சி வைக்கிறாள், ஆனால் வடிகட்டுவதை விடவில்லை. கிழிந்த தலையணையின் பஞ்சைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாள். நீ வந்தால் தைத்துத் தருவாளாம்.

பச்சை வில்லை ஏன் விளக்கணைத்த பிறகும் ஒளிர்கிறது என்று கேட்டிருந்தேன். அதற்கும் நீ பதில் எழுதவில்லை. அது இருக்கட்டும், அதற்கு அவசரமில்லை.

நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம். இந்தக் கடிதம் உனக்கு அதற்குள் வராது என்று தெரியும். அதனால் இதையே படம் பிடித்து உன் போனுக்கும் அனுப்புகிறேன். தலை வெட்டிய உன் கோட்டுப்படத்தின் கீழே, நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதையும் படமாக அனுப்புகிறேன். பத்து மணிக்கு என் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து நிற்பேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

அந்த இடத்தில் உன் பெயரை எழுதி அனுப்பு.

அக்கா